பென்டரின் கட்டுரை: கணினி ஜெயித்ததா?

பில் பென்டர் 1994-இல் எழுதிய கட்டுரையைப் பற்றி யார் பேசினாலும், 'ஹாங்காங் குதிரைப் பந்தயத்தைக் கணினி வச்சு ஜெயிச்சவர்' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். இந்த வாரம் அதை மறுபடி படித்தேன். எனக்கு முக்கியமாகப் பட்டது கணினி தடுமாறும் இடம்தான்.

பின்னணி சுருக்கமா: 1986-இல் போல்டன், சாப்மேன் இருவரும் ஒவ்வொரு குதிரையின் வெற்றி வாய்ப்பையும் லாஜிட் மாதிரியால் கணிக்கும் வழியைச் சொன்னார்கள். பென்டர் அதை ஹாங்காங்கில் வளர்த்தெடுத்தார். அங்கே ஹேப்பி வேலி, ஷா டின் என்று இரண்டே மைதானங்கள். அதே குதிரைகள்தான் திரும்பத் திரும்ப ஓடும். தரவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனாலும் ஒரு சிக்கல். மாதிரி ஒரு குதிரைக்கு 20 சதவீதம் என்கிறது. கூட்டம் கட்டிய பணம் 10 சதவீதம் என்கிறது. கிளப் 17 சதவீதம் பிடித்துக்கொள்வதாக வைத்தால், 100 டாலருக்கு 830 கிடைக்கும். மாதிரி சரியென்றால் சராசரி வரவு 166. அள்ளலாம்! ஆனால் உண்மையான வாய்ப்பு 12 சதவீதம்தான் என்றால்? வரவு 99.60. நஷ்டம். (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.)

ஏன் இப்படி ஆகும்? மாதிரியும் கூட்டமும் ரொம்ப முரண்படும் இடம்தான் நமக்கு 'லாபம்' மாதிரி தெரியும். மாதிரிக்குத் தெரியாத ஏதோ ஒன்று கூட்டத்துக்குத் தெரிந்திருக்கும் இடமும் பெரும்பாலும் அதுவே. குதிரையின் நடையைப் பார்த்த கண், லாயத்துப் பேச்சு எல்லாம் அந்தப் பணத்துக்குள் இருக்கிறது. அதனால் பென்டர் கூட்டத்தோடு சண்டை போடவில்லை. இரண்டு கணிப்புகளுக்கும் எடை கொடுத்து மூன்றாவதாக ஒன்று செய்தார். அது தனித்தனியே இரண்டையும்விட நன்றாகக் கணித்தது. கட்டுரையின் உயிர் இதுதான்.

எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று, எடைகள் எல்லாக் குதிரைக்கும் ஒன்றே. முதல்முறை ஓடும் குதிரையிடம் பழைய கணக்கே கிடையாது. அங்கே மனிதக் கண்ணுக்கு மதிப்பு கூடத்தானே வேண்டும்? இரண்டு, கணினிக் குழுக்களே பெரும்பணம் கட்ட ஆரம்பித்தபின் கூட்டத்தின் விலையில் மனித உள்ளுணர்வு எவ்வளவு, இன்னொருவரின் மாதிரி எவ்வளவு? பழைய எடை அப்படியே செல்லாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, நானும் ஒருமுறை சூடுபட்டவன். ஒரு கடைக்கு விற்பனைக் கணிப்பு மாடல் செய்து கொடுத்தேன். "நாளைக்கு இவ்வளவு போகாது சார்" என்றார் மேனேஜர். காரணம் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. மாடலையே நம்பினேன். மறுநாள் பால் பாக்கெட் பெட்டி பெட்டியாக மிச்சம்.

அவர் சொன்னதை அப்படியே ஏற்றிருக்க வேண்டும் என்று இப்பவும் சொல்ல மாட்டேன். ஒருநாள் சரியாக வந்ததை வைத்து எதுவும் முடிவு பண்ண முடியாது. தினமும் அவருடைய எண்ணையும் முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கணும். மூன்று மாதம் கழித்து, அவருக்கு எவ்வளவு எடை, மாடலுக்கு எவ்வளவு என்று கணக்கே சொல்லியிருக்கும். பந்தயத்தில் அந்த எண் டோட் பலகையில் தானாகவே வந்துவிடுகிறது. மற்ற இடங்களில் நாமதான் கேட்டு எழுதி வைக்கணும்.