எழுத்துக்கூட்டலும் ஏளனமும்

சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘கிரேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்’ நாவலிலே (1861) சிறுவன் பிப், தன் அத்தானாகிய கொல்லர் ஜோவுக்குக் கற்பலகையில் ஒரு கடிதம் எழுதுகிறான். ‘அன்புள்ள’ என்று பொருள்படும் ‘டியர்’ என்ற சொல்லில் ‘ஈ’யும் ‘ஏ’யும் வரவேண்டிய இடத்தில் ‘ஈ’யையே இரட்டித்துவிடுகிறான். அன்பு, மான் ஆகிவிடுகிறது. வாசகர் நகைக்கின்றனர்; நகைக்கவேண்டுமென்றே டிக்கன்ஸ் எழுதினார்.

ஆனால், 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதற் பெருந்தொகுப்பிலும் இதே சொல் ‘ஈ’ இரட்டித்துப் பலவிடங்களில் அச்சாகியிருக்கிறது. அதைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. பிற்காலப் பதிப்பாசிரியர் அதனை ஓசையின்றி இக்கால வழக்கிற்கு மாற்றி நம் கையிலே தருகின்றனர். மகாகவியின் நூலில் இருந்தால் அது ‘பழைய வழக்கு’. கொல்லர் வீட்டுப் பிள்ளை எழுதினால் ‘பிழை’. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது யாது?

1476இல் கக்ஸ்ரன் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சுக்கூடம் நிறுவிய பின்னரும் நெடுங்காலம், ஒரு சொல்லுக்கு ஒரே வடிவம் என்ற நியதி ஆங்கிலத்தில் வேரூன்றவில்லை. ஷேக்ஸ்பியரின் கையொப்பங்களாக எஞ்சியுள்ளவை ஆறு. அவற்றுள் ஒன்றேனும் இன்று வழங்கும் எழுத்துக்கூட்டலில் இல்லை. இந்த நெகிழ்ச்சிக்குள்ளேதான் பண்டிதர் புகுந்தனர். கடனைக் குறிக்கும் ‘டெற்’ என்ற சொல் பிரெஞ்சு வழியாக ‘பி’ இன்றி வந்தது. அதன் இலத்தீன் மூலத்தை நினைவூட்டவென்று அவர்கள் அதனுள் ஒரு ‘பி’யைச் செருகினர். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ பழைய ஆங்கிலச் சொல். இலத்தீனோடு அதற்கு உறவே இல்லை. எனினும், வேறொரு சொல்லோடு ஏற்பட்ட மயக்கத்தால் அதனுள்ளும் ஓர் ‘எஸ்’ குடியேறிற்று. (இவ்வூமை எழுத்துக்களை விட்டுவிட்டதற்காக எத்தனை பிள்ளைகளின் கொப்பிகளில் நாம் சிவப்புக் கோடிடுகிறோம்!) ஷேக்ஸ்பியர் இப்பண்டிதரைச் சும்மா விடவில்லை. ‘லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ற்’ நாடகத்தில் வரும் பள்ளி ஆசிரியர் ஹொலொபேர்ணிஸ், அந்த ‘பி’யை ஒலிக்காதவர்மீது சீறி விழுகிறார். அங்கே சபை சிரிப்பது ஆசிரியரைப் பார்த்து.

பதினெட்டாம் நூற்றாண்டில் சிரிப்பின் திசை மாறிற்று. செஸ்ரர்பீல்ட் பிரபு 1750இல் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், ‘ஹோல்சம்’ என்ற சொல்லை முதலெழுத்தாகிய ‘டபிள்யூ’ இன்றி எழுதிய ஒரு மேன்குடியாளர் அந்த ஏளனத்திலிருந்து மீளவேயில்லை என்று எச்சரிக்கிறார். ஒலிக்காத ஓர் எழுத்துக்கு இத்தனை விலை! 1755இல் ஜோன்சனின் அகராதி வெளிவந்தது. ஏறத்தாழ 42,000 சொற்களைக் கொண்ட அப்பேருழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும், மேட்டைக் குறிக்கும் ‘அப்ஹில்’லுக்கு இரண்டு ‘எல்’ தந்த அவர், பள்ளத்தைக் குறிக்கும் ‘டவுன்ஹில்’லுக்கு ஒன்றே தந்தார். அவருடைய சொந்தக் கடிதங்களிலோ, அகராதி விதிக்காத வடிவங்கள் தாராளமாகக் கலந்திருக்கின்றன. ஜோன்சனுக்கு உரிய இந்தச் சலுகை சமையற்காரிக்கு இல்லை.

பொது வடிவம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அஃதின்றேல், தூரதேசத்துத் தொழிலாளர் ஒரே பத்திரிகையைத் தடையின்றி வாசிப்பது அரிதாகியிருக்கும். நாம் கண்டிப்பது நாவலாசிரியர் சிலரின் தந்திரத்தை. ‘செஸ்’ என்ற வினையைக் கனவானும் கூலியாளும் ஒரே விதமாகவே ஒலிக்கின்றனர். ஆனால், கூலியாளின் வாயில் வரும்போது மட்டும் அதனை ‘இசட்’ போட்டு எழுதுவர். பேச்சிலே பேதம் இல்லாதபோதும் தாளிலே பேதம் உண்டாக்கப்படுகிறது. இதனை யதார்த்தம் என்று போற்றும் விமர்சகரும் உளர்!

டிக்கன்ஸும் இத்தந்திரத்தை அறியாதவரல்லர். எனினும் அவர் ஜோவை அந்தச் சிரிப்போடு விட்டுவிடவில்லை. நாவலின் இறுதிப் பகுதியில், பிடி என்ற பெண்ணிடம் எழுதக் கற்றுக்கொண்ட ஜோ, நோய் தேறிய பிப்புக்கு ஒரு சிறு குறிப்பை எழுதி வைத்துவிட்டுப் போகிறார். அதில் வேறு சொற்கள் சறுக்குகின்றன. ‘டியர்’ மட்டும் சரியாகவே வந்திருக்கிறது.