சீதன உறுதியும் பெண் கவிதையும்: சில விமர்சனக் குறிப்புகள்

1986ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டது. சித்திரலேகா மௌனகுரு தொகுத்த அந்நூலில் பத்துப் பெண் கவிஞர்கள் இடம்பெற்றனர். ஈழத்துக் கவிதை வரலாற்றில் ஒரு திருப்பமாக அத்தொகுதி இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. எனினும் அது பொதுவாக இரண்டு வகையிலேயே வாசிக்கப்படுகிறது. ஒன்று, நெடுங்காலம் அடக்கப்பட்ட பெண்மனத்தின் வெளிப்பாடு என்பது. மற்றது, போர்க்காலத்தின் பதிவு என்பது. இரு வாசிப்புகளிலும் உண்மையுண்டு. ஆயின் இக்கவிதைகள் எத்தகைய சொத்துறவுகளின் மீது எழுந்தன என்ற வினாவை இரண்டும் எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு யாழ்ப்பாணச் சமூகம் எழுத்திலேயே விடை வைத்திருக்கிறது. அவ்விடை நொத்தாரிசு முடித்த சீதன உறுதியில் உள்ளது.

யாழ்ப்பாணத்து வழக்காறுகளை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை என்ற பெயரில் தொகுத்தனர். சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்த அத்தொகுப்பு, தாயின் சீதனத்திலிருந்தே மகளின் சீதனம் வருவது பழைய முறை என்று காட்டுகிறது. தாய்வழி உரிமையின் எச்சம் இது என ஆய்வாளர் கருதுவர். காலப்போக்கில் இவ்வகைகள் கலந்தன. ஆங்கிலேயராட்சியில் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே உரியது என்று உறுதிப்படுத்தியது. அதே சட்டம், அவளது அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. 1923இல் இலங்கையில் மணமான பெண்களின் சொத்துரிமையை விரிவுபடுத்திய சட்டம் வந்தபோது, தேசவழமைக்குட்பட்டோர் அதன் பயனுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1911இன் அவ்விதி ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நிலைத்தது.

காணி அவள் பெயரில். கையொப்பம் அவன் கையில். யாழ்ப்பாணப் பெண் சொத்தற்றவள் என்று கூறுவது பிழை. வளவும் வயலும் நகையும் அவளோடு சேர்ந்தே மணவறைக்கு வருகின்றன. ஆனால் அவள் அச்சொத்தை ஆள்பவளாகவன்றி, ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு அது செல்லும் வாய்க்காலாகவே இருந்திருக்கிறாள். காணி சுருங்கிய காலத்தில் காசுச் சீதனம் பெருகிற்று. மாப்பிள்ளை வீட்டாருக்கு ‘டொனேசன்’ சேர்ந்தது. சகோதரிகளைக் கரைசேர்ப்பதற்காகத் தமையன்மார் அரச உத்தியோகத்தையும், பின்னர் மத்திய கிழக்கையும் ஐரோப்பாவையும் நாடிச் சென்றனர். உழைப்பவனையும் காத்திருப்பவளையும் ஒரே முறைமையே பிணித்தது.

இம்முரண்பாட்டின் முதல் இலக்கியச் சான்று 1911இன் சட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் பின்னரே கிடைக்கிறது. மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இல் வெளிவந்தது. ஈழத்துப் பெண்ணொருவர் எழுதிய முதல் தமிழ் நாவலாக அது கருதப்படுகிறது. தலைப்பே விவிலியத்தின் 51ஆம் சங்கீதத்தை நினைவூட்டுவது. கணவனின் கொடுமையில் சிதையும் மனைவியின் துயரை நேர்நின்று காட்டிய ஆசிரியர், அத்துயருக்கு மருந்தாகப் பொறுமையையும் இறைபக்தியையுமே முன்வைக்க முடிந்தது. இதனை அவருடைய தனிப்பட்ட குறையாகக் கொள்வது வரலாற்றுணர்வற்றதாகும். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை அமெரிக்க மிசனரிகள் தொடங்கியபோது, படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் மாணவியருக்கு மிசனே சீதனம் வழங்க நேர்ந்தது. 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார். நல்ல மனைவியரை உருவாக்கும் சாதனமாகவே கல்வி அளிக்கப்பட்டது. அக்கல்வியால் எழுதக் கற்ற பெண் தன் துயரை எழுதினாள். துயரின் வேரை எழுதுவதற்கான கருத்துக் கருவிகள் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை.

அக்கருவிகள் பின்னர் முற்போக்கு விமர்சகரிடம் இருந்தன. காணியுடைமைக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பை ஈழத்து முற்போக்கு இலக்கியம் துல்லியமாக வெளிக்கொணர்ந்தது. 1972இல் வந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ அதன் சிகரங்களில் ஒன்று. க. கைலாசபதி ‘அடியும் முடியும்’ என்ற நூலில் அகலிகைக் கதையின் மாற்றங்களினூடாகக் கற்புநெறியை வரலாற்றுப் பொருளாக ஆராய்ந்தார். கற்பு என்றுமுள்ள அறமன்று, சமூக வளர்ச்சியின் விளைபொருள் என்று காணும் முறையியல் 1970இலேயே நம் கையில் இருந்தது என்பது இதனாற் பெறப்படும். செ. கணேசலிங்கன் ‘சடங்கு’ நாவலில் நடுத்தர வர்க்கத்துத் திருமணத்தைப் பொருளாக்கினார். ஆயினும் புராணத்து அகலிகைக்குக் கிடைத்த ஆய்வு, நாற்சார் வீட்டின் அடுக்களையில் நின்ற பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. பெண் பிரச்சினை வர்க்கப் பிரச்சினையின் கிளை, புரட்சி அதனைத் தானாகத் தீர்க்கும் என்ற எண்ணம் முற்போக்கு அணியிற் செல்வாக்குப் பெற்றிருந்தது. பெண்ணுரிமையைத் தனித்துப் பேசுவது உழைப்போரின் ஒற்றுமையைப் பிளக்கும் என்ற அச்சமும் அதற்குத் துணைநின்றது. இந்த அச்சம் மார்க்சியத்துக்கு உரியதன்று. 1884இல் எங்கெல்ஸ் குடும்பத்தின் தோற்றத்தை ஆராய்ந்தபோது, வரலாற்றின் முதல் வர்க்க முரண்பாட்டையும் ஒருதார மணத்தில் ஆண் பெண்ணிடையே எழுந்த முரண்பாட்டையும் ஒன்றோடொன்று பொருத்தியே கூறினார்.

இப்பின்னணியில் ‘சொல்லாத சேதிக’ளில் உள்ள சங்கரியின் ‘அவர்கள் பார்வையில்’ என்ற கவிதையை நோக்கலாம். அக்கவிதையின் அமைப்பு ஒரு பட்டியலின் அமைப்பு. முகமும் இதயமும் தனக்கு மறுக்கப்பட்டதைக் கூறும் பெண், பிறர் கண்ணில் தான் எவ்வெவ்வுறுப்புகளாக மட்டும் எஞ்சுகிறாள் என்று எண்ணிச் சொல்கிறாள். அடுத்து, சமையல் முதல் மகப்பேறு வரை தன்மீது சுமத்தப்பட்ட வேலைகளை எண்ணுகிறாள். அதன்பின்னரே கற்பு பற்றிய பேச்சு வருகிறது. இவ்வரிசை மனங்கொள்ளத்தக்கது. உடல், உழைப்பு, அவற்றை நியாயப்படுத்தும் கருத்தியல் என்ற ஒழுங்கில் கவிதை நகர்கிறது. இறுதியில் வீட்டுக் கணவனும் வீதி வணிகனும் ஒரே பார்வையைப் பகிர்கின்றனர். குடும்பமும் சந்தையும் தனித்தனி உலகங்கள் என்ற மயக்கம் அங்கே கலைகிறது.

சீதன உறுதியும் ஒரு பட்டியலே. காணியின் பரப்பு, எல்லை, வீடு, கிணறு, பனை எல்லாம் அதில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்படும். அச்சொத்தோடு சேர்த்துக் கையளிக்கப்படும் உடலும் நாள்தோறுமான உழைப்பும் எவ்வுறுதியிலும் எழுதப்படுவதில்லை. அந்த எழுதப்படாத பட்டியலைச் சங்கரி எழுதினார். நூலின் தலைப்பிலுள்ள ‘சொல்லாத’ என்ற சொல்லுக்கு, கூச்சத்தாற் சொல்லாதது என்பதற்கு மேலாக, சமூகம் கணக்கில் வையாதது என்று பொருள் கொள்வதே தகும். கவிதையின் அணியற்ற, ஏறத்தாழ வரட்சியான மொழி கலைக்குறை என்று சிலருக்குத் தோன்றலாம். கணக்கை வெளிப்படுத்த வந்த கவிதைக்கு அம்மொழியே பொருத்தமானது.

இங்கு ஓர் எல்லையையும் சுட்டவேண்டும். இத்தொகுதியின் அனுபவப் பரப்பு பெரிதும் கற்ற நடுத்தர வர்க்கத்தினுடையது. உறுதி முடிக்கக் காணியே இல்லாத பெண்களும் இச்சமூகத்தில் இருந்தனர்: யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் கூலிக்கு நின்றவர்கள், மலையகத்தில் கொழுந்தெடுத்தவர்கள். தோட்டத் தொழிலாளரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி 1984இலேயே வந்தது. அதன் பின்னரும் பெண்ணின் சம்பளத்தை வீட்டு ஆண் சென்று வாங்கும் வழக்கம் தொடர்ந்தது. சொத்துடைய பெண்ணுக்குக் கையொப்பம் மறுக்கப்பட்டதுபோல, கூலிப் பெண்ணுக்குத் தன் கூலியின் மீதான ஆட்சி மறுக்கப்பட்டது. வர்க்கம் இவ்விருவரையும் பிரிக்கிறது. மறுக்கப்பட்டது இருவருக்கும் ஒன்றே. வர்க்கப் பார்வையும் பெண்ணிலைப் பார்வையும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இதுவே.

1974இல் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் அமைந்தபின் அங்கு கற்று எழுத வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் சிவரமணி. அவர் தம் கவிதைகளை எரித்துவிட்டு 1991 மே 19ஆந் திகதி உயிர்நீத்தார். அவர் மரணத்தைக் குறியீடாக்குவது நமக்கு எளிதாகிவிட்டது. ஆனால் எஞ்சிய கவிதைகளில் அவர் எழுப்பும் வினாக்கள் வாழ்வோருக்கானவை. சிறு பிள்ளைகளைக் காலத்துக்கு முன்பே வளர்ந்தோராக்கும் போர் பற்றியும், பெண்ணுக்கு விதிக்கப்படும் எல்லைகள் பற்றியும் அவர் ஒரே மூச்சிற் பேசினார். குடும்பம் பெண்ணை மானத்தின் சின்னமாக்கியது. தேசியம் மண்ணின் சின்னமாக்கியது. விமர்சனமும் அவளைத் துயரின் சின்னமாக்கினால், அவள் வரிகளை வாசிப்பவர் எவருமிலர்.

எனவே ஈழத்துப் பெண் எழுத்தின் ஆய்வு, உணர்ச்சி வரலாறாக மட்டும் எழுதப்படுதல் போதாது. உறுதிகளும் வழக்கேடுகளும் கூலிப் பதிவேடுகளும் நாவலோடும் கவிதையோடும் சேர்த்து வாசிக்கப்படல் வேண்டும். ஒரு பெண்ணின் காணியை விற்க யார் சம்மதிக்கவேண்டும் என்ற சட்ட வினாவும், ஒரு கவிதையில் ‘நான்’ என்று சொல்லும் உரிமை யாருடையது என்ற இலக்கிய வினாவும் ஒரே சமூக உறவின் இரு முகங்கள். முன்னதைத் தொடாமல் பின்னதைப் போற்றும் விமர்சனம் கவிஞரைப் பாராட்டிவிட்டு அவர் கூறியதை விட்டுவிடுகிறது.