தலையாட்டி பொம்மை, நெட்டிக் கோயில், கூலி நெல்

தமிழில் ஒருவனைத் 'தலையாட்டி பொம்மை' என்று சொன்னால் அது வசவு. சட்டமன்றத்திலிருந்து டீக்கடை வரைக்கும் அந்த அர்த்தத்தில்தான் புழங்குகிறது: எஜமான் சொன்னதுக்கெல்லாம் ஆமாம் போடுகிறவன். அதே பொம்மை தஞ்சாவூர்க் கடைகளில் 'டான்சிங் டால்' என்று இங்கிலீஷ் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. வசவு நாட்டியமாகிவிட்டது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த சிறு பிசகு என்று இதை விட்டுவிட முடியாது. உள்ளூர்க்காரனுக்கு ஒரு குறி, வந்துபோகிறவனுக்கு வேறொரு குறி என்று ஒரே பண்டம் இரண்டாகப் பிளக்கிற இடத்தில்தான் 'நினைவுப்பொருள்' என்கிற சரக்கு பிறக்கிறது.

சொல்லப்போனால், தலையாட்டி என்று நாம் சேர்த்துச் சொல்வதே ரெண்டு பொம்மை. ஒன்று, அடிப்பாகம் உருண்டு கனத்து, தள்ளினால் சாய்ந்து மறுபடி நிமிர்கிற ராஜா ராணி. அதற்குத் தலை ஆடாது, உடம்புதான் ஆடும். மற்றது தலை, உடல், பாவாடை என்று தனித்தனியாகச் செய்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிய நாட்டியக்காரி. களிமண், காகிதக்கூழ், பிறகு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று மூலப்பொருளும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் வேண்டியதில்லை. நமக்கும் வேண்டியதில்லை போலிருக்கிறது.

நினைவுப்பொருள் மேம்பாடு என்ற பேச்சு நம்மிடம் அரசாங்கத் தமிழில் வந்து சேர்ந்தது. 1973இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் தன் கடைகளுக்குப் 'பூம்புகார்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. காவிரி கடலில் சேருகிற இடத்திலிருந்த பழைய துறைமுகம், சரக்கு ஏற்றி இறக்கிய ஊர். பெயர் வைத்தவர் விஷயம் தெரிந்துதான் வைத்திருக்கிறார். பயிற்சிப் பட்டறை, வடிவமைப்புத் திட்டம், கண்காட்சி என்று இந்தத் துறையில் நடக்கிற பேச்சின் சாரம் பெரும்பாலும் ஒன்றுதான்: சின்னதாக்கு, எடையைக் குறை, பெட்டியில் அடங்கச் செய், விலையை இறக்கு. கைவினைஞனுக்குக் கை இருக்கிறது, கண் இல்லை, கண்ணை நாங்கள் தருகிறோம் என்கிற தோரணை.

சூசன் ஸ்டூவர்ட் 1984இல் வெளிவந்த தன் நூலில் நினைவுப்பொருள் பற்றி ஒரு விஷயம் சொல்கிறார்: அது சொல்லும் கதை செய்தவனுடையது அல்ல, வைத்திருப்பவனுடையது. 'நான் அங்கே போனேன்' என்பதுதான் அந்தக் கதை. இந்தக் கதை நடக்க வேண்டுமென்றால் செய்தவன் மறைந்தாக வேண்டும். அவன் இருந்தால் கதைக்கு இடைஞ்சல். தஞ்சாவூர் விஷயத்தில் மறைய வேண்டியது கைவினைஞன் மட்டுமில்லை என்பதுதான் என் வாதம். நெல்லும் நிலமும் கூலியும் சேர்ந்தே மறைகின்றன.

இந்த வியாபாரம் சுற்றுலாத்துறையோடு தொடங்கியதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காகப் படத்தொகுதிகள் வரைந்து கொடுத்தார்கள். சாதிக்கு ஒரு ஜோடி, தொழிலுக்கு ஒரு ஜோடி. குயவனும் மனைவியும், நெசவாளியும் மனைவியும், பாம்பாட்டி, படைவீரன், செருப்புத் தைப்பவர், கையில் அவரவர் கருவி. திருச்சிராப்பள்ளியில் இதையே அபிரகத் தகட்டில் வரைந்து விற்றார்கள். ஊர் திரும்பும் துரைக்குக் கொண்டுபோக லேசு. 1837இல் மதுரையில் தொகுக்கப்பட்ட ஒரு ஆல்பத்தின் தலைப்பே 'இந்தியச் சாதிகளின் 72 மாதிரிகள்' என்பது. மாதிரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பூச்சியை ஊசியில் குத்தி வைப்பதுபோல மனிதர்களைத் தாளில் குத்தி வைத்தார்கள். இந்தப் படங்களில் பலவற்றில் ஜோடியின் காலடியில் ஒரு கீற்றுத் தரை இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தரை யாருடையது, அதில் யார் உழுதார்கள், விளைந்தது எங்கே போனது என்பதற்கெல்லாம் படத்தில் இடமில்லை.

பின்னால் வந்த நினைவுப்பொருள் இந்த மனிதர்களையும் அப்புறப்படுத்திவிட்டது. மிஞ்சியது கடவுளும் கோயிலும் அரண்மனையும். கலைத்தட்டு இரண்டாம் சரபோஜி காலத்தில் தொடங்கியது என்பார்கள்: பித்தளை, செம்பு, வெள்ளி, நடுவில் ஒரு தெய்வம். நம் ஊரில் எந்த மேடையில் யாருக்குப் பொன்னாடை போர்த்தினாலும் அடுத்து இந்தத் தட்டு வரும். இலக்கியக் கூட்டங்களும் விலக்கில்லை. புரட்சிக் கவிஞர் வீட்டு அலமாரியிலும் நடுவில் நடராஜர் பொறித்த தட்டு இருக்கும், பாவம் அவர் என்ன செய்வார். தஞ்சாவூர் ஓவியம் என்றால் தங்கத் தாளும் கண்ணாடிக் கல்லும் பதித்த குழந்தைக் கிருஷ்ணன். நெட்டியில் என்றால் பெரிய கோயில்.

அந்தப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கடைக்காரர்கள் விற்பதெல்லாம் அதன் விமானத்தை. அதன் சுவர்களில் என்ன எழுதியிருக்கிறது என்பது விற்பனைக்கு வருவதில்லை. ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்த வீடு என்று கல்லில் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். இது ஏதோ பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்கள் பெயர்க்கப்பட்டவர்கள். அவர்களுக்கு அளந்த நெல்லை நட்டு அறுத்தவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. ஆனாலும் ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய முடியாட்சி, ஆடுகிறவளின் பெயரையும் கூலியையும் எழுதி வைத்தது. இன்றைக்கு அந்தச் சுவருக்கு எதிரே விற்கிற ஆடும் பொம்மைக்குச் செய்தவர் பெயர் கிடையாது. கடையில் கேட்டுப் பாருங்கள்.

"அண்ணே, இதைச் செஞ்சது யாரு?"

"எல்லாம் நம்ம ஊரு ஆளுங்கதான் தம்பி."

அதற்கு மேல் பேச்சு நகராது. கடைக்காரர் மறைக்கவில்லை. அவருக்கே அது ஒரு தகவலாகப் படவில்லை.

எழுத்தாளர்கள் இதைப் படித்துக் கைவினைத் துறையைத் திட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். தஞ்சாவூர் எழுத்து என்று நாம் கொண்டாடுவதிலும் இதே தேர்வு ஓடுகிறது. வெற்றிலை, சங்கீதம், ஆற்றங்கரைப் படித்துறை, டிகிரி காபி. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை மாட்டி, பித்தளை டவராவில் ஊற்றிக் கொடுக்கிறவன் அந்த எழுத்தின் கடைசி வாசகன். களத்துமேட்டிலிருந்து எழுதப்பட்ட பிரதிகள் உண்டு. ஆனால் 'தஞ்சை மணம்' என்ற அடைமொழி அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

நெட்டிக்கு வருவோம். விஷயம் முழுக்க இந்த ஒரு செடியில் இருக்கிறது. குளம், ஏரி, தண்ணீர் தேங்குகிற பள்ளம் இவற்றில் வளர்வது. வயலுக்குள் வந்தால் களை. தண்டை அறுத்துக் காயவைத்து மேல்தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று சோறு, கையில் எடுத்தால் எடையே இருக்காது. இந்த ஒரே தண்டிலிருந்து இரண்டு பண்டங்கள் வருகின்றன. ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற பெரிய கோயில் மாதிரி. மெல்லிய கத்தியால் செதுக்கிச் செதுக்கி ஒட்டுகிற அசாத்தியமான வேலை, அதன் திறமையைக் குறைத்துப் பேச எனக்கு உத்தேசமில்லை. இன்னொன்று, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டுகிற நெட்டி மாலை. திருவாரூர்ப் பக்கத்து ஊர்களில் நிலமில்லாத குடும்பங்கள் பொங்கலுக்குச் சில வாரம் முன்பே குளத்தில் இறங்கி நெட்டி எடுத்து, காயவைத்து, நறுக்கி, சாயம் தோய்த்து, நாரில் கோத்து விற்கிறார்கள். உழவு மாடு குறைந்த பிறகு சில வீடுகளில் மாலை டிராக்டருக்கு ஏறிவிட்டது. டிராக்டர் கோபித்துக்கொள்ளவில்லை.

நெட்டிக் கோயில் வருஷக்கணக்கில் இருக்கும். நெட்டி மாலைக்கு ஒரு நாள் ஆயுசு. கோயில் 'கலை', மாலை 'பொங்கல் சாமான்'. 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்திரிகைகள் அதன் முகமாகக் காட்டியது கோயில் மாதிரியைத்தான். மாலையை யாரும் போட்டோ எடுக்கவில்லை என்று சொன்னால் தப்பு. பொங்கல் சமயத்தில் எடுப்பார்கள், 'களைகட்டிய விற்பனை' என்று ஒரு வரி போடுவார்கள். குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவர் அப்போதும் படத்துக்கு வெளியேதான்.

குறியீடு பற்றி ஆர்வலர்களிடையே ஒரு மிகை நம்பிக்கை இருக்கிறது. 1999ஆம் வருஷத்துச் சட்டம், 2003இல் நடைமுறைக்கு வந்தது. தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு, பொம்மை, வீணை எல்லாம் ஒவ்வொன்றாகப் பதிவாயின. சட்டம் காப்பது ஊர்ப் பெயரை. வேறெங்கோ செய்ததைத் தஞ்சாவூர் பொம்மை என்று விற்கக் கூடாது, சரி. பதிவின் உரிமையாளர் ஒரு சங்கமாகவோ அரசு அமைப்பாகவோ இருக்கலாம். தனிக் கைவினைஞர் அதைப் பயன்படுத்த, அதிகாரம் பெற்ற பயனர் என்று தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பத்து வருஷத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். செய்தவருக்குக் கூலி என்ன என்று இந்தச் சட்டம் எங்கேயும் கேட்பதில்லை. மண்ணுக்குப் பெயர் உண்டு, கைக்கு இல்லை.

சரணாலயங்களில் இந்தத் தர்க்கம் இன்னும் பச்சையாகத் தெரியும். டெல்டாவின் தெற்கு முனையில் கோடியக்கரை, 1967இலிருந்து சரணாலயம். வெளிமானும் பூநாரையும் பார்க்க வருகிறார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலிருந்து காட்டுப் பொருளை அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டு போக முடியாது. நல்ல சட்டம்தான். அதனால் இப்படிப்பட்ட இடங்களில் நினைவுப்பொருள் என்பது இடத்தோடு ஒட்டில்லாத பிம்பமாகத்தான் இருந்தாக வேண்டும்: எங்கேயோ நெய்த பனியனில் மான் படம், எங்கேயோ வார்த்த சாவிக்கொத்தில் புலி. உலகம் முழுக்கத் தேசியப் பூங்காக் கடைகளின் கதை இதுதான். ஒரு விதிவிலக்கு நீலகிரியில் இருக்கிறது. கூடலூர்ப் பக்கம் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலான ஆதிவாசிகள் காட்டை நெரிக்கிற உண்ணிச்செடியை வெட்டி, அந்தக் கொம்புகளால் நிஜ அளவு யானைகள் செய்கிறார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. எடுப்பதே காட்டுக்கு உபகாரம் என்கிற பொருள், பெட்டியில் அடங்காத உருவம். 'சின்னதாக்கு' என்கிற பாடத்தை அவர்கள் படிக்கவில்லை.

இந்த இடத்தில் சில தோழர்கள் வேறு யோசனை சொல்லக்கூடும்: கோயிலுக்குப் பதில் உழைப்பாளியை நினைவுப்பொருளாக்குவோம், நாற்று நடும் பெண் பொம்மை செய்வோம். கம்பெனி ஓவியன் அதைச் செய்து முடித்து இருநூறு வருஷமாச்சு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அன்றைக்கு அது தஞ்சாவூர் மாவட்டம். 1991இல் நாகப்பட்டினம் பிரிந்த பிறகு தஞ்சாவூரின் சுற்றுலாக் கையேட்டுக்கு அது வேறு மாவட்டத்துச் சங்கதி. வெண்மணியைச் சாவிக்கொத்தாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. எல்லா நினைவும் பொருளாக வேண்டியதில்லை. இருக்கிற பொருளில் அழித்ததை எழுதிவைக்கச் சொல்வதுதான் நம் வேலை.

முதலில் பெயர். பொம்மையின் அட்டைப்பெட்டியில், நெட்டிக் கோயிலின் பீடத்தில், செய்தவர் பெயரும் ஊரும், விற்பனை விலையில் அவர் கைக்குப் போனது எவ்வளவு என்பதும் அச்சாக வேண்டும். அரசுக் கடையிலிருந்தே இதைத் தொடங்கலாம், புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. விலையைப் பார்த்து வாங்குகிறவர் முகம் சுளிப்பார் என்பார்கள். சுளிக்கட்டும்.

அடுத்தது குளம். ஊராட்சியும் அரசுத் துறைகளும் குளங்களை மீன் குத்தகைக்கு விடுகின்றன. குத்தகை எடுத்தவருக்கு நெட்டி வெறும் இடைஞ்சல். அந்தக் குத்தகைப் பத்திரத்தில், நெட்டி எடுக்க இறங்குகிறவர்களை மறிக்கக் கூடாது, அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று ஒரு ஷரத்து சேர்க்கச் சொல்லி கிராமசபையில் தீர்மானம் போட முடியும். பொங்கலுக்குப் பிறகு வருகிற ஜனவரி 26 கிராமசபையில் அதைப் பேசலாம். மாலை விற்று முடித்தவர்கள் அப்போது ஊரில்தான் இருப்பார்கள்.