மறியல்வீட்டுப் பிறிட்ஜும் மைக்கல் மூரின் பூக்களும்

அமெரிக்கரான மைக்கல் மூர் எடுத்த 'வெயார் ரு இன்வேட் நெக்ஸ்ற்' என்ற விவரணப்படம் 2015 இல் வெளிவந்தது. 'அடுத்து எங்கே படையெடுக்கலாம்' என்று தமிழில் சொல்லலாம். நான் அதைப் பார்த்தது மிகவும் பிந்தி. றெஸ்ரோறன்ற் பூட்டிய பிறகு ஒரு ஞாயிறு இரவு, ஒஸ்லோவில் நாங்கள் மூன்று பேர் இருக்கும் அறையில். என்னோடு வேலை செய்கிற, கோப்பை கழுவுகிற அண்ணையும் கூட இருந்து பார்த்தார். நோர்வேப் பகுதி வந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, நான் வந்த புதுசிலை காம்பிலை நாலு பேருக்கு ஒரு அறை. தொங்கலிலை ஒரு கக்கூசு. இவங்கள் கொலை செய்துபோட்டு வந்திருக்கிறாங்கள், ஆளுக்கொரு அறை, அதுக்குள்ளை ரி.வி, பிறிட்ஜ், தனிக் குளியலறை. இருபத்தைஞ்சு வருசமாய் நான் கட்டின வரிக்காசு இதுக்குத்தானே போனது?"

படத்தைப் பற்றி எழுதப் புறப்பட்டவன் அண்ணையின் கோபத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மூர் இந்தக் கோபத்தைச் சந்திக்கவே இல்லை. அவர் அமெரிக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போகிறார். இத்தாலியில் சம்பளத்தோடு விடுமுறை, பிரான்சில் பள்ளிக்கூடச் சாப்பாடு, பின்லாந்தில் கல்வி, போர்த்துக்கல்லில் போதைப்பொருள் சட்டம் என்று நல்லவற்றைப் 'பறித்துக்கொண்டு' போகிறார். தான் பூப்பறிக்க வந்தவன், களை பிடுங்க வந்தவனல்ல என்று படத்திலேயே சொல்லிவிடுகிறார். கெட்டித்தனமான முன்ஜாமீன்! நோர்வேயில் அவர் பறித்த பூ சிறைச்சாலை.

காட்டப்படுவது இரண்டு இடம். ஒன்று ஹால்டன். 2010 இல் அரசர் ஹரால்ட் திறந்துவைத்த உயர்பாதுகாப்புச் சிறை. நூறு கோடி குறோணருக்கும் மேல் செலவு செய்து, ஏறத்தாழ 250 பேருக்காகக் கட்டியது. யன்னலுக்குக் கம்பி இல்லை. கைதிகள் பொதுக் குசினியில் தாங்களே சமைத்துச் சாப்பிடலாம், பாட்டு ஒலிப்பதிவு செய்ய ஒரு கூடம்கூட உண்டு. காவலர்கள் சேர்ந்து 'வீ ஆர் த வேர்ல்ட்' பாடிப் புதுக் கைதிகளை வரவேற்கும் வீடியோ ஒன்று வரும். அண்ணை அந்த இடத்தில்தான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனவர். மற்றது ஒஸ்லோ நீரிணையில் இருக்கிற பஸ்தொய் தீவு. அங்கே மரவீடுகளில் இருந்துகொண்டு தோட்டம், மாடு, படகு என்று வேலை செய்கிறார்கள்.

பஸ்தொய் பற்றி மூர் சொல்லாத ஒரு கதை உண்டு. 1900 இல் அந்தத் தீவு பொடியன்களைத் 'திருத்தும்' இல்லமாகத் தொடங்கியது. அடியும் கடும் வேலையும். 1915 இல் பொடியன்கள் கிளர்ந்தெழுந்தபோது அரசு இராணுவத்தை அனுப்பி அடக்கியது. (இதை வைத்து 2010 இல் 'கொங்கன் அவ் பஸ்தொய்' என்றொரு நோர்வேப் படமும் வந்தது. மூரைப் பார்ப்பவர்கள் அதையும் பார்க்கவேண்டும்.) இது தெரியாமல் படத்தைப் பார்த்தால் நோர்வேக்காரர் பிறக்கும்போதே நல்ல மனிதர்களாய்ப் பிறந்தவர்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஒரு காலத்தில் சிறுவர்களுக்கு எதிராகத் துவக்குத் தூக்கிய அரசு பிறகு வேறுமாதிரி யோசிக்கப் பழகியிருக்கிறது. பழகியதை மறக்கவும் கூடும்.

சரி, அண்ணையின் கேள்விக்கு வருவோம். அது பிற்போக்கான கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பத்து மணித்தியாலம் கொதிதண்ணிக்குள் கைவைத்துக்கொண்டு நிற்கிற ஒருவர் கேட்கிறார். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய தகப்பன் இருக்கிறான். 1834 இல் இங்கிலாந்தில் ஏழைகளுக்கான சட்டத்தைத் திருத்தியபோது ஒரு கோட்பாடு வைத்தார்கள்: அரசின் செலவில் வேலை இல்லத்தில் இருப்பவனுடைய நிலை, வெளியே வேலை செய்கிற ஆகக் கீழான கூலிக்காரனுடைய நிலையைவிட மோசமாகத்தான் இருக்கவேண்டும். அந்தத் தராசு பிறகு சிறைகளுக்கும் போனது. இந்தத் தராசில் கூலிக்காரனின் தட்டை உயர்த்தவேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. மற்றத் தட்டைத்தான் இறக்குவார்கள். நாலு பேருக்கு ஒரு அறை தந்த காம்ப் பிழை என்று அண்ணை சொல்லியிருந்தால் நானும் கூடக் கத்தியிருப்பேன். காம்ப் அப்படி இருந்தபடியால் மறியலும் அப்படி இருக்கட்டும் என்றால், நாளைக்குக் காம்பை இன்னும் கெடுக்கிறவனுக்கு நாங்களே வழிவிடுகிறோம்.

மூரின் பதில் வேறு. அவர் இலக்கத்தைத் தூக்கிக் காட்டுவார்: இங்கே வெளியே போகிறவர்கள் திரும்பி வருவது குறைவு. உண்மைதான். 2010 இல் வந்த நோர்டிக் நாடுகளின் ஆய்வொன்றில், விடுதலையாகி இரண்டு வருடத்துக்குள் மீண்டும் தண்டனை பெற்றவர்கள் நோர்வேயில் 20 வீதம். அயல்நாடுகளைவிடக் குறைவு. ஆனால் அமெரிக்க இலக்கத்தோடு இதைப் பக்கத்தில் வைப்பதில் ஒரு கள்ளம் உண்டு. ஒரு நாட்டில் மீண்டும் கைதாவதை எண்ணுவார்கள், இன்னொன்றில் மீண்டும் தண்டனை பெறுவதை எண்ணுவார்கள். இரண்டு வருடமும் ஐந்து வருடமும் ஒன்றல்ல. நோர்வேயில் சின்னக் குற்றத்துக்குக் குறுகிய காலம் இருந்து வருகிறவர்களும் அதிகம். இலக்கத்தை மட்டும் நம்பி ஒரு நியாயத்தைக் கட்டினால், இலக்கம் ஆடும்போது நியாயமும் ஆடும்.

எனக்குப் படத்தில் உள்ள பெரிய குறை இதுகூட அல்ல. கமெரா சாமான்களிலேயே நிற்கிறது. பிறிட்ஜ், கத்தி, யன்னல், கிற்றார். அண்ணையின் கோபமும் அதே சாமான்களில்தான் நின்றது. ரசிக்கிறவரும் திட்டுகிறவரும் ஒரே பிறிட்ஜைப் பார்க்கிறார்கள். குசினியில் வேலை செய்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள். சட்டியும் அடுப்பும் ஒருதரம் வாங்குகிற சாமான். முதலாளிக்கு மாதா மாதம் நோகிறது ஆளுக்குக் கொடுக்கிற சம்பளம்தான். வியாபாரம் படுத்தால் அடுப்பை விற்கமாட்டார், ஒரு ஆளை நிற்பாட்டுவார். மிஞ்சின ஆட்கள் ஓடவேண்டும்.

சிறையும் அப்படித்தான். நோர்வே முறையில் காசு கரைவது பிறிட்ஜில் அல்ல, கதவைத் திறந்துவிட்டுக் கைதியோடு கூட இருந்து கதைக்கிற காவலரில். அதற்கென்று படித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். 2015 இலிருந்து பல வருடங்கள் அரசு நிறுவனங்களின் செலவை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். சிறைகளில் ஆள் குறைந்தது. ஆள் குறைந்தால் கதவு பூட்டப்படும். 2019 இல் பாராளுமன்ற ஒம்புட்ஸ்மன் நோர்வேச் சிறைகளில் தனிமைப்படுத்தல் பற்றியும் மனிதத் தொடர்பு இல்லாமை பற்றியும் ஒரு விசேட அறிக்கையையே பாராளுமன்றத்துக்கு வைக்கவேண்டி வந்தது. பிறிட்ஜ் அப்படியேதான் இருந்தது. பூட்டிய கதவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு இதில் கொஞ்சம் சொந்த அனுபவமும் உண்டு. வருகிற வழியில் ஒரு நாட்டில் ஐந்து கிழமை பூட்டிவைத்தார்கள். சாப்பாடு குறையில்லை. போர்வை தந்தார்கள். வெளிச்சத்தின் சுவிச் மட்டும் அறைக்கு வெளியே இருந்தது. இரவும் பகலும் அணைக்கவில்லை. அந்த நாட்களில் யாராவது 'உனக்கு என்ன வசதி வேண்டும்' என்று கேட்டிருந்தால், சுவிச்சை உள்ளுக்குப் பூட்டித் தாருங்கள், ஒரு மனுசனை ஐந்து நிமிடம் அனுப்புங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். முதலாவதற்கு இருபது குறோணர் வயர் போதும். இரண்டாவதுதான் செலவு.

மூர் பறிக்காமல் விட்ட இன்னொரு செடி கொங்ஸ்விங்கர். 2012 இன் கடைசியில் அந்தச் சிறை வெளிநாட்டவருக்கு மட்டுமானதாக ஆக்கப்பட்டது. அந்தக் காலத்தில் நோர்வேச் சிறைகளில் இருந்தவர்களில் மூன்றில் ஒருவர் அளவில் வெளிநாட்டவர். இங்கேதான் மூரின் நியாயம் உடைகிறது. 'இவன் நாளைக்கு உன் பக்கத்து வீட்டுக்காரன், அதனால் நல்லபடியாக வைத்திரு' என்பதுதான் படம் முழுக்க ஒலிக்கிற வாதம். நாடு கடத்தப்படப் போகிறவன் பக்கத்து வீட்டுக்காரனாக வரப்போவதில்லையே! அவனுக்கு இங்கே வீடு தேட, வேலை தேட உதவி எதற்கு? பயனை வைத்துக் கணக்குப் பார்த்தால் அவனுடைய தட்டில் ஒன்றும் விழாது. எங்களைப் போன்ற ஆட்கள் இந்தக் கணக்கை ஒருக்கால் நின்று யோசிக்கவேண்டும். விசா இல்லாத ஒரு பொடியன் பிடிபட்டால் அவன் எந்தப் பக்கம் நிற்பான்?

படத்தில் என்னை உண்மையில் உலுக்கிய இடம் ஒன்று உண்டு. 2011 யூலை 22 அன்று உத்தொயா தீவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், கொன்றவனைக் கொல்லும் உரிமை தனக்கு வேண்டாம் என்கிறார். மூர் திரும்பத் திரும்பக் கேட்கிறார், அவர் அசையவில்லை. அன்று 77 பேர் கொல்லப்பட்டார்கள், தீவில் மட்டும் 69 பேர். எங்கள் பிள்ளை கம்சாயினி குணரத்தினம் நீந்தித் தப்பியதும் அந்தத் தீவிலிருந்துதான். பிறகு ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021 இல் பாராளுமன்றத்துக்கும் போனார். ஆகவே இது எங்களுக்கு வெளியிலுள்ள கதையல்ல.

கொலைகாரன் அதற்குப் பிறகு அரசுக்கு எதிராகவே வழக்குப் போட்டான். 2016 இல் கீழ்நீதிமன்றம் அவனை மனிதத்தன்மையற்று நடத்தியதாகத் தீர்ப்புச் சொன்னது, 2017 இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 இல் திரும்பவும் தோற்றான். இந்த வழக்கில்தான் அவனுக்குக் குசினி, விளையாட்டுப்பெட்டி, மூன்று சின்னக் கிளிகள் கொடுத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்து உலகம் சிரித்தது.

அண்ணை இதைத்தான் கடைசி ஆயுதமாக எடுத்தார். "கிளியையும் சரியெண்டு சொல்லுவியோ?"

நான் அவருக்கு வெலிக்கடையைச் சொன்னேன். 1983 யூலை 25 உம் 27 உம். அரசின் பூட்டுக்குள் இருந்த 53 தமிழ்க் கைதிகள். அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அங்கே திறப்பு யாருடைய கையில் இருந்தது? பூட்டினவன் பொறுப்பு என்று நாங்கள் நாற்பது வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறோம். உள்ளே இருப்பவன் நல்லவனா கெட்டவனா என்று பார்த்துவிட்டா அந்தப் பொறுப்பு தொடங்குகிறது?

அண்ணை, "அவங்களும் இவனும் ஒண்டோ?" என்றார். ஒன்றல்ல. அது எனக்கும் தெரியும். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் இவனை வைத்துப் பேசும்போது என் நாக்கும் கூசியது. ஆனால் பொறுப்பு பூட்டினவனுடையது, உள்ளே இருப்பவனின் தகுதியில் அது தங்கியிருக்கவில்லை. கிளிகளைக் கொடுத்ததுகூட இரக்கத்தால் என்று நான் நம்பவில்லை. மற்ற மனிதரோடு சேர்த்துவைக்க முடியாத ஒருவனிடம் அனுப்பக்கூடிய ஆக மலிவான உயிர் அதுதான். அந்தக் கிளிக்கும் என் வரிக்காசில் கொஞ்சம் போகட்டும் என்றேன். சந்தோசமாகச் சொல்லவில்லை.

அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. படத்தின் மிச்சத்தையும் பார்க்கவில்லை, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பிரான்ஸ் பள்ளிக்கூடக் குசினியைப் பற்றி மட்டும் அடுத்தநாள் வேலையில் கேட்டார், அங்கே கோப்பை கழுவுகிற ஆட்களுக்கு எவ்வளவு சம்பளமாம் என்று. மூர் அதையும் காட்டவில்லை.