சீவுதலும் தட்டுதலும்

தொழில்நுட்பக் கட்டுரை எழுதுவோர் அகராதியைப் புரட்டுகின்றனர். தொழில் செய்தோரின் சொல்லைக் கேட்பதில்லை. குறைகள் பலவற்றிற்கும் இதுவே வேர்.

பேராக் மாநிலத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரத்தைச் 'சீவினர்'. உள்மரம் காயப்படாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் செதுக்கும் வினையை அச்சொல் அப்படியே காட்டுகிறது. ஆங்கிலத்தைப் பின்பற்றி 'மரத்தைத் தட்டுதல்' என்றெழுதினால், மாணவன் கதவைத் தட்டுவதையே எண்ணுவான். சீவிய கோட்டில் உறைந்து நிற்பதற்கு 'ஒட்டுப்பால்' என்னும் பெயர் இருக்க, 'உறைந்த எச்சப்பொருள்' என நீட்டுவதேன்?

சொல்லை அடுத்தது வாக்கியம். செய்வோன் இன்னான் எனத் தெரியாவிடத்துச் செயப்பாட்டுவினை தக்கதே. செய்முறை கூறுமிடத்தோ அது சுமை. 'அமிலமானது நீரில் கலக்கப்பட்டுப் பாலில் ஊற்றப்படுதல் வேண்டும்' என்பதினும், 'அமிலத்தை நீரில் கலந்து பாலில் ஊற்றுக' என்பது தெளிவன்றோ? அடுத்து, 'பாலை கிளறுக' என ஒற்றை விடுவதும் பிழை. இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும்.

ஈப்போவைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. மரத்தோடு சொல்லும் மாய்தல் கூடாது. ஆசிரியப் பெருமக்கள் மாணவரை முதிய தொழிலாளரிடம் அனுப்பி, அவர்தம் சொற்களைக் குறித்துவரச் செய்வாராக. கலைச்சொல்லாக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும்.