நிலை ஒன்று, கருவிகள் நான்கு

ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் ஒரு குழந்தையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் அதன் வயதும், பெற்றோர் அழைத்துவரக்கூடிய நேரமும், அந்த நேரத்து வகுப்பில் மிஞ்சியிருக்கும் இடமுமே முடிவுசெய்கின்றன. திறன் அதற்குப் பிறகுதான் கணக்கில் வருகிறது. அதுவும் சேர்க்கை நாளன்று சில நிமிடங்கள் பார்த்து மதிப்பிடப்படுவதால், ஓரிரு மாதங்களுக்குள் வகுப்பும் குழந்தையும் ஒத்துப்போகவில்லை என்ற முறையீடு எழுவதில் வியப்பில்லை. முறையீடு எழுந்ததும் பெற்றோரும் பயிற்றுநரும் நாடும் தீர்வு மேல் வகுப்புக்கு ஏற்றுவது அல்லது கீழ் வகுப்புக்கு இறக்குவது என்பதோடு நின்றுவிடுகிறது. இந்த விளையாட்டின் கட்டமைப்பை நெருங்கிப் பார்த்தால், பல வேளைகளில் மாற்ற வேண்டியது வகுப்பை அன்று, வகுப்புக்குள் அக்குழந்தைக்குத் தரப்படும் பயிற்சியை என்பது புலப்படும்.

நிலைவாரிப் பயிற்சியை மிக விரிவாக வகுத்திருக்கும் நாடுகளுள் அமெரிக்கா குறிப்பிடத்தக்கது. அங்கு இவ்விளையாட்டை நிர்வகிக்கும் யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு, பெண்களுக்கான வளர்ச்சித் திட்டத்தைப் பத்து நிலைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் ஐந்தும் கட்டாய நிலைகள். அதாவது, ஒரு நிலையில் போட்டியிடுவோர் அனைவரும் ஒரே அசைவுத் தொடரை, தரைப்பயிற்சியில் ஒரே இசைக்கு, செய்துகாட்ட வேண்டும். ஆறிலிருந்து பத்து வரையிலானவை விருப்ப நிலைகள்; விதிகள் கேட்கும் கூறுகளை உள்ளடக்கி, தொடரை அவரவர் வலிமைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு இணையாக, நெகிழ்வான தேவைகளைக் கொண்ட எக்செல் என்ற தனிப் பிரிவும் வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தொடங்கும் படிகளோடு இயங்குகிறது. கட்டாய நிலைகளில் எல்லோரும் செய்வது ஒன்றே என்பதால், முழங்கால் மடங்கியதா, பாதம் நீண்டதா, உடல் செங்குத்தைத் தொட்டதா என்பவையே மதிப்பெண்ணைப் பிரிக்கின்றன. எவ்வளவு கடினமான வித்தை என்பதைவிட எவ்வளவு தூய்மையான வடிவம் என்பதே அங்கு அளவுகோல். பெற்றோர் பலரும் கவனிக்கத் தவறும் இடமும் இதுதான்.

வாரம் ஒரு மணி நேரம் பொழுதுபோக்கு வகுப்புக்கு வரும் குழந்தைகளோ இந்த ஏணிக்கு வெளியே இருப்பவர்கள். அவ்வகுப்புகளுக்குக் கூடங்கள் தத்தம் விருப்பப்படி பெயரும் எண்ணும் சூட்டிக்கொள்கின்றன; ஒரு கூடத்தின் ‘இரண்டாம் நிலை’ மற்றொரு கூடத்தில் தொடக்க வகுப்பாக இருக்கலாம். பிரிட்டனின் அடிப்படைத் தேர்ச்சி விருதுகளில் எட்டு எளியது, ஒன்று கடினமானது என்று எண்களே தலைகீழாக ஓடியதும் உண்டு. வீடு மாறி, கூடம் மாறி வரும் குழந்தை பழைய எண்ணைச் சொல்லிப் புதிய வகுப்பில் சேரும்போது, பொருத்தமின்மை முதல் நாளிலேயே உடன் வந்துவிடுகிறது.

எண்கள் சீராக இருந்தாலும் சிக்கல் தீராது என்பதற்கு இவ்விளையாட்டின் இயல்பே காரணம். பெண்களுக்கான கலைநய ஜிம்னாஸ்டிக்ஸில் வால்ட் எனப்படும் தாவுமேசை, சமமற்ற கம்பிகள், சமநிலைச் சட்டமான பீம், தரை என நான்கு கருவிகள் உள்ளன. நான்கும் உடலிடம் கேட்பவை வெவ்வேறு. அமெரிக்கக் கட்டாயத் தொடரில் நான்காம் நிலைக்கு வரும் குழந்தை கம்பியில் ‘கிப்’ செய்தாக வேண்டும். தாழ்ந்த கம்பியைப் பிடித்து முன்னோக்கி ஊசலாடி, உடல் முழுதாக நீளும் கணத்தில் கால்விரல்களைக் கம்பிக்குக் கொண்டுவந்து, திரும்பும் வீச்சில் கம்பியைக் கணுக்காலிலிருந்து இடுப்பு வரை கால்சட்டையை ஏற்றுவதுபோல் உடலையொட்டி இழுத்து, கம்பிக்கு மேலே நேரான கைகளில் தாங்கி எழுவதே கிப். அரை நொடி பிந்தினாலும் உடல் கீழே தொங்கிவிடும். சிலருக்குச் சில வாரங்களில் வசப்படும் இது, வேறு சிலருக்கு ஓராண்டு கடந்தும் பிடிகொடுப்பதில்லை. தரையில் ஐந்தாம் நிலைக்குரிய பின்புறக் குட்டிக்கரணத்தை அநாயாசமாகப் போடும் ஒரு சிறுமி கிப் வராமல் மூன்றில் தேங்கி நிற்பதும், கம்பியில் வலுவான மற்றொருத்தி 10 சென்டிமீட்டர் அகலமும் 125 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பீமின் மேல் கால் பதற நிற்பதும் அன்றாடக் காட்சிகள். இவர்களை ஒரே எண்ணுக்குள் அடக்கும் எந்த வகுப்பும் ஏதேனும் ஒரு கருவியில் பொருந்தாமல்தான் போகும்.

திறனை மிஞ்சிய வகுப்பில் விழும் குழந்தையின் நிலை வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை என்பதே அதன் அபாயம். ரவுண்ட் ஆஃப் என்ற பக்கவாட்டுத் திருப்பத்தைத் தொடர்ந்து வரும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங், அதாவது பின்னோக்கிப் பாய்ந்து கைகளை ஊன்றிக் கால்களால் மீண்டு நிற்கும் அசைவு, இதற்குத் தக்க சான்று. ரவுண்ட் ஆஃப் முடிந்து தரையைத் தொடும் பாதங்கள் இடுப்புக்குச் சற்று முன்னால் அமைந்து, உடல் பின்னோக்கிச் சாயத் தொடங்கியிருக்க வேண்டும். மாறாக முழங்கால்கள் விரல்களைத் தாண்டி முன்னே தள்ளப்பட்டால், பாய்ச்சல் பின்னோக்கிப் போகாமல் மேல்நோக்கிக் குறுகிவிடுகிறது; கைகள் பாதங்களுக்கு மிக அருகில் விழுகின்றன; முழங்கை மடங்கினால் தலை தரையைச் சந்திக்கிறது. இதைத் தடுக்கப் பயிற்றுநர் ஒரு கையை முதுகின் கீழ்ப்பகுதியிலும் மறு கையைத் தொடையின் பின்புறத்திலும் கொடுத்துத் தாங்குவார். ஸ்பாட்டிங் எனப்படும் இந்த உதவி கற்றலுக்கு இன்றியமையாதது. வாரந்தோறும் அதே கைகளின் பலத்தில் அசைவு நிறைவேறி, பதிவேட்டிலும் தேர்ச்சிக் குறி விழுந்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த வித்தை அதுவரை பயிற்றுநருடையதே, குழந்தையுடையது அன்று.

ஆயத்தமில்லாத உடல் இந்தச் சுமையை எலும்பில் தாங்குகிறது. குழந்தைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. சுற்றியுள்ள எலும்பைவிட மென்மையான இது, கைகளால் உடல் எடையைத் திரும்பத் திரும்பத் தாங்கும்போது முன்கையின் ஆர எலும்பு மணிக்கட்டைச் சேரும் இடத்தில் அழுத்தக் காயத்துக்கு உள்ளாகிறது. ‘ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு’ என்றே மருத்துவர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். தோள்கள் போதிய அளவு திறக்காத குழந்தை வில்லாக வளையும்போது, தோளில் கிடைக்காத வளைவை இடுப்பு முதுகெலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது; மாதக்கணக்கில் தொடர்ந்தால் முள்ளெலும்பில் நுண்முறிவு தோன்றக்கூடும். ‘வில்’ போடத் தெரியுமா என்ற கேள்வியைவிட, எங்கிருந்து வளைகிறாள் என்ற கேள்வியே பயனுள்ளது.

திறனுக்குக் குறைந்த வகுப்பில் உட்காரும் குழந்தையின் இழப்பு வேறு வகையானது. ஒரு மணி நேர வகுப்பில் உடலைச் சூடாக்கவும் நீட்டவும் 12 நிமிடங்கள் போக, நான்கு கருவிகளுக்குத் தலா 12 நிமிடங்கள் மிஞ்சும். எட்டுக் குழந்தைகள், ஒரு பீம், ஒவ்வொருவராக ஏற வேண்டும் என்றால், ஒருவருக்குக் கிடைப்பது 90 நொடி. மீதிப் பத்தரை நிமிடம் வரிசைதான். அந்த 90 நொடியிலும் முன்பே கைவந்த அசைவையே செய்ய நேரும் குழந்தை வரிசையில் பிறரைச் சீண்டுவதையும், கூரையைப் பார்ப்பதையும் ஒழுங்கீனம் என்று எழுதிவிடுவது எளிது. போட்டிப் பிரிவுகளில் இது இன்னொரு வடிவம் எடுக்கிறது: மேல் நிலைக்குத் தகுதி பெற்றவரைப் பதக்கத்துக்காகக் கீழ் நிலையிலேயே வைத்திருப்பதை அமெரிக்கக் கூடங்களில் ‘சாண்ட்பேகிங்’ என்று இகழ்ச்சியாகச் சொல்வார்கள். இகழ்ச்சி பல நேரங்களில் நியாயமானதே என்றாலும், கிப் வராமல் காத்திருக்கும் சிறுமியையும் அதே சொல்லால் குத்துவது, மேலே சொன்ன நான்கு கருவிக் கணக்கை அறியாதவர்களின் பேச்சு.

பொருத்தம் ஒருமுறை அமைந்தாலும் நிலைப்பதில்லை. பெண் குழந்தைகளுக்குச் சராசரியாக 12 வயதையொட்டியும் ஆண் குழந்தைகளுக்கு 14 வயதையொட்டியும் உயரம் மிக வேகமாகக் கூடுகிறது. கடும் பயிற்சியில் இருக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளுக்கு இது பிந்தி வருவதும் உண்டு. உடலின் விகிதம் மாறாமல் உயரம் 10 விழுக்காடு கூடுவதாகக் கொண்டால், சுழற்சிக்கு உடல் காட்டும் எதிர்ப்பான நிலைமத் திருப்புத்திறன் உயரத்தின் ஐந்தாம் படியில் பெருகி ஏறத்தாழ 61 விழுக்காடு கூடும். தசையின் குறுக்குப் பரப்பைச் சார்ந்த விசையோ 21 விழுக்காடுதான் கூடும். சென்ற பருவத்தில் எளிதாகச் சுழன்ற உடல் இந்தப் பருவத்தில் பாதியில் நிற்பதற்குச் சோம்பலையோ அச்சத்தையோ காரணம் காட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இயக்கக் கற்றல் ஆய்வாளர்களான குவாடக்னோலி, லீ இருவரும் 2004இல் முன்வைத்த ‘சவால் புள்ளி’க் கருத்து இங்கு உதவுகிறது. ஒரு பணியிலிருந்து ஒருவர் எவ்வளவு கற்கிறார் என்பது பணியின் கடினத்தை மட்டுமன்றிக் கற்பவரின் திறனையும், பயிற்சி தரப்படும் சூழலையும் பொறுத்தது என்பதே அதன் சாரம். ஆகவே ஒரே வகுப்பில், ஒரே கருவியருகில், ஒரே அசைவைப் பல கடினங்களில் தர முடியும். கைகளில் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்டையே எடுத்துக்கொண்டால், ஒருவர் சுவரைப் பார்த்தபடி வயிற்றை ஒட்டி நிற்கலாம். அடுத்தவர் சுவரின்றி மூன்று நொடி நிற்கலாம். மூன்றாமவர் உதைத்து ஏறாமல் தோள் வலிமையால் அழுத்தி ஏறலாம். முன்னேறிய குழந்தைக்குப் புதிய வித்தை தேவைப்படுவதைவிட, தெரிந்த வித்தைக்கு உயர்ந்த தரம் தேவைப்படுவதே அதிகம். இதை விட்டுவிட்டு அடுத்த பெயருள்ள அசைவுக்குத் தாவுவது, கூடங்களின் விளம்பரத்துக்கு உதவும் அளவுக்குக் குழந்தைக்கு உதவுவதில்லை.

மிக உயர்ந்த தளத்திலும் இதே தர்க்கம் செயல்பட்டதைத் தோக்கியோ ஒலிம்பிக்கில் உலகம் பார்த்தது. 2021 ஜூலை 27 அன்று நடந்த அணி இறுதிப் போட்டியின் வால்ட் தாவலில், இரண்டரைத் திருகல்கள் திட்டமிட்டிருந்த அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் ஒன்றரையோடு தரையிறங்கினார். காற்றில் உடல் எங்கிருக்கிறது என்ற உணர்வு திடீரென அறுபடும் ‘ட்விஸ்டீஸ்’ அவரைப் பிடித்திருந்தது. அடுத்து வந்த இறுதிகளிலிருந்து விலகியவர், ஆகஸ்ட் 3 அன்று பீமில் மட்டும் திரும்பிவந்து, இறங்கும் வித்தையைத் திருகலற்ற இரட்டைக் கரணமாக மாற்றிக்கொண்டு வெண்கலம் வென்றார். பொருந்தாத கூறு எந்தக் கருவியில், எந்த அசைவில் இருக்கிறது என்று கண்டு அதை மட்டும் நீக்கிய முடிவு அது. ஏழு வயதுக் குழந்தைக்கும் பயிற்றுநர் செய்ய வேண்டியது இதைத்தான்.

அதற்குக் குழந்தையின் சொல் முதலில் காதில் விழ வேண்டும். பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸில் நிகழ்ந்த முறைகேடுகளை விசாரித்து 2022இல் வெளியான வைட் அறிக்கை, காயத்தோடு பயிற்சி செய்யக் குழந்தைகள் வற்புறுத்தப்பட்டதைப் பதிவுசெய்திருக்கிறது. ‘பயமாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தைக் கோழைத்தனமாக எடுத்துக்கொள்ளும் கூடத்தில் எந்த நிலைப் பட்டியலும் சரியாக வேலை செய்யாது. பெற்றோரும் ‘எப்போது மேலே ஏற்றுவீர்கள்?’ என்பதற்குப் பதிலாக, எந்தக் கருவியில் எது வரவில்லை, எதைத் தாங்கும் கையின்றிச் செய்கிறாள் என்று கேட்டால் பயிற்றுநரின் விடையும் துல்லியமாகும்.

வகுப்பை மாற்றியே தீர வேண்டிய சூழல்களும் உண்டு. ஒரே பயிற்றுநர் பன்னிரண்டு குழந்தைகளை மேய்க்கும் வகுப்பில் பணியைப் பிரித்துத் தருவது ஏட்டளவில் நின்றுவிடும். அடுத்த அசைவைப் பாதுகாப்பாகக் கற்க வேண்டிய பஞ்சுக்குழி, அதாவது விழுந்தால் தாங்கும் பஞ்சுக்கட்டிகள் நிரப்பிய பள்ளம், வேறொரு வகுப்பின் நேரத்தில்தான் கிடைக்கும் என்றாலும் நகர்வது நியாயம். அப்போதும் பெயரை உடனே மாற்றாமல் மூன்று நான்கு வகுப்புகளைச் சோதனையாக வைத்து, கம்பியில் ஒரு குழுவோடும் தரையில் மற்றொரு குழுவோடும் பழக விடும் கூடங்கள் இருக்கின்றன. அட்டவணை போடுபவருக்கு அது தொல்லை. கட்டணக் கணக்கிலும் சிறு குழப்பம் வரும்.