சிறப்புரைக்குப் பிறகு என்ன மிஞ்சும்?

அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி 1964இல் அமைத்த ‘இன் சி’ வெறும் 53 சிறு இசைத்துண்டுகளால் ஆனது. வாசிப்பவர் ஒவ்வொரு துண்டையும் வேண்டுமட்டும் திரும்ப வாசித்துவிட்டு அடுத்ததற்கு நகரலாம். மினிமலிசம் என்ற இசைப்போக்கின் சாரம் இதுதான்: கொஞ்சம் சரக்கு, நிறைய மீள்வாசிப்பு, மெல்ல மெல்ல மாற்றம். இத்தகைய சோதனை இசைக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ச் சிறப்புரை ஆற்றுவது வழக்கம். உரை முடிந்ததும் அந்த ஊரில் என்ன மிஞ்சுகிறது?

அகமதாபாத் இதற்கு நல்ல சான்று. 1946இல் நியூயார்க் சென்ற அவ்வூர் இசைக்கலைஞர் கீதா சாராபாய், அமெரிக்கச் சோதனை இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தார். பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். பாடத்துக்குப் பாடமே கூலி. கேஜின் நெருங்கிய கூட்டாளி டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி கொண்ட ஒலிக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். பேச்சோடு நிற்காமல் கருவியையும் கையில் கொடுத்ததால், கீதா சாராபாயும் அதுல் தேசாயும் கட்டடக்கலை மாணவர் ஜின்ராஜ் ஜோஷிபுராவும் அதில் சொந்தமாக இசை படைத்தார்கள். வந்தவர் திரும்பிய பிறகும் வேலை நடந்தது. இது அந்த முறையின் பெரிய பலம்.

குறையும் அங்கேயே தெரிகிறது. 1970களின் தொடக்கத்திலேயே அந்த முயற்சி ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் காப்பகத்தில் கிடந்தன. இசைக்கலைஞர் பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுத்த பிறகு, 2023இல்தான் அவை தொகுப்பாக வெளிவந்தன. அடுத்தடுத்த மாணவர்களுக்குக் கைமாறாத வித்தை அரை நூற்றாண்டு ஊமையாக இருந்தது.

இன்னொரு குறை, கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை விருந்தினர் கவனிக்காமல் போவது. மலேசியாவின் குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையோரம் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த லாயாங் லாயாங்கில் இப்படி ஓர் உரை நடப்பதாக வைத்துக்கொள்வோம். மலேசியத் தமிழ் இளைஞர்களுக்கு உறுமி மேளம் புதிதல்ல. வளைந்த குச்சி தோலில் உரச எழும் அந்த முனகல், ஒரே நடையில் சுழன்று சுழன்று, காவடி எடுப்பவரின் காலுக்கேற்ப இறுகும். மீள்வாசிப்பின் வலிமையை அவர்கள் உடம்பாலேயே அறிவார்கள். அதைக் கேட்காமல் மினிமலிசத்தைப் புதுச் சரக்காக விளக்கினால் உரையில் பாதி வீண்.

ஆகவே, இத்தகைய கலைஞரை அழைக்கும் தமிழ்ப்பள்ளியும் ஆலயக் குழுவும் அவரை முந்தின நாள் மாலையே உறுமிப் பயிற்சிக்குக் கூட்டிச் செல்லட்டும். உரைக்குப் பிறகு ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், அதைப் பிறருக்குக் கற்றுத்தரத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் இருவரும் ஊரில் இருக்கும்படி இப்போதே ஏற்பாடு செய்யட்டும்.